ஈரக் கட்டைவிரல்

முதலில் காதுதான் சூடானது.
ஆன்சன் ரோட்டில் பஸ்ஸைவிட்டு இறங்கும்போதே
யாரோ மடலைத் திருகிவிட்டுப் போனதுபோல.
அப்புறம் நாக்கு:
பத்து சென் காசொன்றை ஒதுக்கி வைத்திருக்கிறேனோ என்று
எச்சிலை விழுங்கிப் பார்த்தேன்.
காசேதான். கரையவில்லை.

பதிவிலாகாவில் நல்ல குளிர்.
முன் நாற்காலிக் குழந்தை பிஸ்கட் தின்கிறது,
அந்த நொறுங்கல் என் பல்லில் கேட்கிறது.
ஜெராக்ஸ் மிஷினின் சூட்டு வாசம்,
பக்கத்து மலாய் அக்காவின் பவுடர்,
கடிகாரத்தின் சிவப்பு முள்,
எல்லாமே ஒரு சுற்று கூடுதலாய்த் திறந்துவிட்ட குழாய்.

"அக்கா, காலு," என்றான் காவலுக்கு நின்ற பையன்.
குனிந்து பார்த்தேன்.
என் வலது செருப்பு
தன் பாட்டுக்குத் தையல் மிஷின் மிதித்துக்கொண்டிருந்தது.

நாற்பத்து மூன்று வருஷம்.
பிறந்தது இதே தீவில், பாயா தெருபோங்கில்.
பார்த்தவர்கள் உண்டு, தாள் இல்லை.
சிவப்பு அட்டைக்காரிக்கு
ஆசையை அடக்கத் தெரியும்.
கடிதம் வந்த அன்றுகூட
படித்து மடித்துவிட்டு மீன் கழுவப் போனேன்.
கழுவிய மீனையே மூன்று தரம் கழுவினேன், அவ்வளவுதான்.

இன்று அடங்கவில்லை.
வயிற்றுக்குள்
சவுரஸ்தா மார்க்கெட்டில்
சாக்கில் போட்டுக் கட்டிய கோழி.

"நொம்போர் சத்து கோசோங் எம்பாட் தூஜோ,
கவுந்தெர் லீமா."

எழுந்தேன் என்றுதான் நினைக்கிறேன்.
முழங்கால் இரண்டும் வேறு யாருடையவோ,
இரவல் வாங்கி நடந்தேன்.
தா, வா, மலார் என்று
அதிகாரி என் பெயரை உடைத்து உடைத்துப் படித்தார்.
எப்படிப் படித்தால் என்ன!

கட்டைவிரலை வைக்கச் சொன்னார்.
மிஷின் முனகியது, ஏற்கவில்லை.
சட்டி தேய்த்தே மழுங்கிய ரேகை,
அதன்மேல் வியர்வை வேறு.
துடைத்து வைத்தேன். இல்லை.
துப்பட்டாவில் தேய்த்து, ஊதி, வைத்தேன்.
இல்லை.
டிஷ்யூ நீட்டி "ரிலேக்ஸ், காக்" என்றார்.
சொன்னதுதான் தாமதம்,
உள்ளங்கை இரண்டும் பெய்யத் தொடங்கின.
ஐந்தாம் முறை ஒரு சின்ன டிங்.
சோற்றில் கல் கடிபடும் அளவு ஓசைதான்,
என் உச்சந்தலை மயிர் எழுந்து நின்றது.

நீலம்.
சூடாக இருக்கும் என்று ஏனோ நினைத்திருந்தேன்.
ஜில்லென்று இருந்தது, ஏசியில் கிடந்த பிளாஸ்டிக்.
படத்தில் இருக்கிறவள் திருடிபோல் முழிக்கிறாள்.

வெளியே ஏதோ கடையில் கறிவேப்பிலை பொரிந்தது.
பசித்தது. தின்ன முடியாதென்றும் தெரிந்தது.
ஆயர் ஈத்தாம் பஸ்ஸில் ஏறி
கொடிமலை ரயிலடியில் இறங்கினேன்.
அடிவாரத்திலேயே வளர்ந்தவள்தான்.
உள்ளூர்க்காரருக்கு ஒரு வரிசை, வெளியூர்க்காரருக்கு ஒரு வரிசை;
எதில் நிற்பதென்று கேட்கக் கூசி
ஒருநாளும் மேலே போனதில்லை.

இன்று உள்ளூர் வரிசையில் நின்றேன்.
எனக்குப் பின்னால் ஆள் சேரச் சேர
கழுத்தின் பின்புறம் இனித்தது.
டிக்கெட் பையன் அட்டையைப் பார்க்கவே இல்லை,
காசை வாங்கிக்கொண்டு கையசைத்தான்.
"பாரு தம்பி," என்றேன்.
"பார்த்தாச்சுக்கா," என்றான், பார்க்காமல்.

ரயில் செங்குத்தாய் ஏறியது.
மரங்கள் சரிந்தன, காது அடைத்தது,
ஒரு குலுக்கலில் எதிரே நின்ற சீனர்மேல் போய் விழுந்தேன்.
அவர் என் கையைப் பார்த்தார்.
எல்லோரும் கம்பியைப் பிடித்திருந்தார்கள்.
நான்
அட்டையைப் பிடித்திருந்தேன்.