ஆறு பத்து

பெயர்தான் ஆறு பத்து.
ஆறு பத்துக்கு அது ஒருநாளும் வெளிக்கிட்டதில்லை.

புதுக்குடியிருப்பில் கலிஸ்ரா ஏறி,
யன்னலோரம் பையை வைத்து,
நாற்பத்துமூன்று கைபேசிகளுக்கு எழுதுகிறாள்:
"எடுத்தாச்சு. பழைய சிவப்பு. சேனாதி அண்ணை ஓடுறார்."
கடைசி வசனம்தான் முக்கியம்.
சேனாதி அண்ணையென்றால் உடையார்கட்டில் தேத்தண்ணி.
ஏழு நிமிசம்.
அந்த ஏழு நிமிசத்தில்
மகளின் மற்றப் பக்கப் பின்னலையும் முடித்துவிடுவேன்.

மாசியில் தினமும் ஒரே செய்தி: "நெல் காயுது."
தார் றோட்டில் அரைவாசி நெல்லுக்கு.
எதிரே லொறி வந்தால்
பஸ்தான் பின்னுக்குப் போகவேணும்,
நெல் போகாது.
"முன்னாலை வெட்டு மெசின். பின்னாலை நாங்கள்.
கலியாண ஊர்வலம் மாதிரி" என்று கஜமுகன் போடுவான்.
எந்த வளைவில் நிற்கிறான், எந்த மதகில் என்று தெரியும்.
ஆளைத் தெரியாது.
கம்பியில் தொங்கும் பத்துப் பேரில் ஒருவன்.

கார்த்திகையில் ஒரு விடியல், மழை.
விசுவமடுவுக்கு இந்தப் பக்கம்
ஒரு சிவப்பு பஸ் கானுக்குள் மூக்கை வைத்து நின்றது.
குடைக்குள் நின்றபடி அடித்தேன்:
"ஆறு பத்து கானுக்குள்ளை. இண்டைக்கு வராது."

அது வேறு பஸ்.
கலிஸ்ரா அன்று லீவு.
உள்ளே இருந்தவர்கள் மறுத்துச் சொல்ல
மழைக்குச் சிக்னல் இல்லை.
கால் மணித்தியாலத்தில் ஆறு பத்து வந்தது.
தர்மபுரத்தில் ஏற ஆளில்லை.
எனக்கு இருக்க இடம் கிடைத்தது. இருந்தேன்.
அப்படிச் சுட்ட சீற் ஒருநாளும் இல்லை.

தர்மபுரத்து வாத்தியார் ஓட்டோவுக்கு ஆயிரத்து ஐந்நூறு கொடுத்தாராம்.
முரசுமோட்டை புனிதராணி வீட்டுக்குத் திரும்பிவிட்டாள்.
காமென்ற்சில் ஒரு நாள் விட்டால்
அந்த மாதத்து வரவுக்காசு முழுதும் போகும்.
யாரும் ஏசவில்லை.
மன்னிப்பு எழுதினேன், அழித்தேன், எழுதினேன்.
புனிதராணி ஒரு பெருவிரலை அனுப்பினாள்.
அந்தப் பெருவிரலில் என்ன இருக்கிறதென்று
இரண்டு இரவு பார்த்துக்கொண்டிருந்தேன்.

பிறகு நான் ஒன்றும் போடவில்லை.
இலக்கத் தகட்டை வாசித்து,
இன்னொருக்கால் வாசித்து,
பக்கத்தில் நிற்பவரையும் கேட்டு,
அப்போதும் போடவில்லை.

மார்கழி. இரணைமடுவின் வான்கதவுகள் திறந்த மறுநாள்
முரசுமோட்டைக்கு முன்னால் றோட்டு முடிந்து
குளம் தொடங்கியிருந்தது.
சேனாதி அண்ணை எஞ்சினை நிற்பாட்டினார்.
வெள்ளைக் கோடு தண்ணீருக்குள் இறங்கிப்போவதைப் பார்த்தபடி,
"உந்தப் போனுகளுக்குள்ளை கேளுங்கோ,
அந்தப் பக்கம் ஆரும் நிக்கினமோ" என்றார்.
பஸ் முழுக்க என்னைத்தான் பார்க்கிறது என்று நினைத்தேன்.
ஒருவரும் பார்க்கவில்லை.
அடித்தேன்:
"தண்ணி எவ்வளவு?"

நெடுநேரம் ஒன்றும் இல்லை.
தவளைகள்.
முன்சீற்றில் யாரோ சோற்றுப் பாசலைப் பிரித்தார்,
இன்று வேலை இல்லையென்று முடிவெடுத்தவர் போல.
பிறகு புனிதராணி:
"நடுவிலை இறங்கி நிண்டு பாத்தனான்.
முழங்காலுக்குக் கீழை. வாங்கோ."

உரத்து வாசித்தேன்.
"ஆற்றை முழங்கால்?" என்றார் சேனாதி அண்ணை.
அதையும் அடித்தேன்.
"என்ரை."

கியர் விழுந்தது.
மிதிபலகை கடந்து தண்ணீர் உள்ளே வந்தது.
செருப்புகளைக் கையில் எடுத்துக்கொண்டு
கால்களை மடித்துக்கொண்டோம்.
பரந்தன் பக்கம் யாரோ ஹோர்ன் அடித்துக்கொண்டே நின்றார்கள்.

மறுகரையில் ஏறிய மூன்று பேரில்
பாவாடை நனைந்தவள்
நல்ல உயரம்.