வெட்டுச்சால்

குலசேகரம் சந்தைக்கு எதிரே, மாடியில்,
ஷைனி டாக்டர் என் உதட்டை விரலால் ஒதுக்கிப் பார்த்தார்.
முதலில் கேட்டது பல்லைப் பற்றி அல்ல.
"வலக்கைக்காரரா?"
ஆமாம் என்றேன், வாய் திறந்தபடி.
வெறும் காற்றாகத்தான் வந்திருக்கும்.

"இடப்பக்கம்தான் ரொம்பத் தேய்ஞ்சிருக்கு.
அங்கதான் கைக்குப் பலம் ஏறும்."

சின்னக் கேமராவை உள்ளே விட்டுத்
திரையில் காட்டினார்.
ஈறு விலகிய இடத்தில்
மஞ்சளாய் நாலு வேர்.
ஒவ்வொன்றிலும் குறுக்கே ஒரு சால்,
ஆப்பு வைத்துச் செதுக்கியது போல.

எனக்கு விளக்கம் வேண்டியிருக்கவில்லை.
கத்தி தடியில் பட்ட மரம் அது.

இருபத்தாறு வருடமாய் ரப்பர் வெட்டுகிறேன்,
பேச்சிப்பாறைக்கு இந்தப் பக்கம், விடியுமுன்,
நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு
ஒரு நாளைக்கு முந்நூற்றிருபது மரம்.
பட்டையில் நகக்கனம் எடுக்கலாம்.
அதற்கு உள்ளே ஈரமாய் ஒரு தோல்.
அதைத் தாண்டினால் தடி.
தடியில் பட்ட இடத்தில் முண்டு விழும்,
புதுப்பட்டை ஒழுங்காய் மூடாது.
என் வரிசையில் முண்டு இல்லை என்று
சூப்பர்வைசர் தபசிமுத்து ஒருமுறை சொன்னார்.
அவர் யாரைப் பற்றியும் நல்லது சொல்லாதவர்.

ஆனால் காலை பத்து மணிக்கு,
பாலெடுத்து, அரித்து, தண்ணீர் சேர்த்து,
ஆசிட் ஊற்றித் தட்டில் உறைய விட்டபின்
முக்குக் கடையில் உப்பிட்ட நாரங்கா சோடா.
இரண்டு. வெயில் கொடுமை என்றால் மூன்று.
மடியில் கட்டிவந்த புளிச்சிக்காய் வேறு.
வீட்டுக்கு வந்ததும்
ஆசிட் வாடை வாயிலும் ஏறிவிட்டதென்று
முரட்டு நார் பிரஷ்ஷை வைத்து,
ரெத்தினபாய் மீன்சட்டி உரைப்பதைவிடச்
சத்தமாய்த் தேய்ப்பேன்.

டாக்டர் சொன்னார்:
வெளியே தெரியிற பல்லுக்குக் கெட்டியா ஒரு ஓடு உண்டு,
வேருக்கு அது கிடையாது.
புளிப்பு பட்டதும் சட்டுனு இளகிரும்.
இளகினத நீங்க தேய்ச்சு எடுக்கிறீங்க, தினமும்.
வெறும் வெள்ளம் கொப்பளிச்சுத் துப்புங்க.
ஒரு மணி நேரம் தொடாதீங்க.
அப்புறம் மெத்துனு ஒரு பிரஷ்,
பேனா பிடிக்கிற மாதிரி, விரல் நுனியில.

பேனா பிடித்து எனக்குப் பழக்கமில்லை.
பிஞ்சு மரத்தில் முதல் வெட்டு என்று நினைத்துக்கொண்டேன்.

வெட்டின பட்டை ஏழெட்டு வருஷத்துல வளந்துரும் டாக்டர்.
"இது வளராது."
இரண்டு சாலை அடைத்தார், ஒன்றுக்கு எண்ணூறு.
மற்ற இரண்டுக்கும் பேஸ்ட் எழுதித் தந்தார்.

பஸ்ஸில் வரும்போது யோசித்தேன்.
பாலைக் கட்டியாக்கத்தானே நான் புளிப்பைக் கலக்குகிறேன்.
கலக்கி, நுரையை வழித்தெடுத்த பிறகு
தட்டை யாரும் அசைக்கக் கூடாது,
பூனையைக்கூட ஷெட்டுக்குள் விடமாட்டேன்.
அங்கே உறையும் வரை. இங்கே இறுகும் வரை.
காரியம் தலைகீழ், காத்திருப்பு ஒன்று.

ஆனாலும் லேசில்லை அந்த ஒரு மணி நேரம்.
கை சும்மா இருக்கும்,
நாக்கு இருப்பதில்லை.
அடைக்காத சாலுக்குப் போய்ப் போய்
அளந்துவிட்டு வருகிறது.
கோதையாற்று வெள்ளம் பட்டால்
காதுவரை இன்னும் ஒரு மின்னல்.

சோடாவை விடவில்லை, பொய் சொல்வானேன்.
ஒன்றாய்க் குறைத்திருக்கிறேன். குழல் வைத்துக் குடிக்கிறேன்,
கடைக்காரன் சிரிக்கிறான்.

பழைய பிரஷ்ஷை எறியவில்லை.
தட்டின் மூலையில் காய்ந்த ஒட்டுப்பாலைச் சுரண்ட
அதுதான் லாயக்கு.
புதியது நாலு மாதமாகியும்
நார் மடங்காமல் நிற்கிறது.

பக்கத்தில் ரெத்தினபாயின் பிரஷ்,
மழையில் படுத்த நெல்லாய்க் கிடந்தது.
அவள் இடக்கைக்காரி.
"ஒனக்க வலப்பக்கத்தக் காட்டு பாப்பம்."
"ஒமக்கு வேற வேல இல்லியா" என்று
வாயைப் பொத்திக்கொண்டாள்.
பிறகு, நான் பார்க்கவில்லை என்று நினைத்து,
கண்ணாடிக்கு முன்னால் போய்
உதட்டைத் தூக்கினாள்.