நாலாம் நாள், இரவுக் காட்சி

களியக்காவிளையில் மழை.
செக்போஸ்ட்டில் கோழி லாரிகள் நனைந்துகொண்டு நிற்கின்றன.
அஞ்சு பேர் சேராமல் படம் ஓட்டமாட்டோம்.
நாலு பேர்.
அஞ்சாவது டிக்கெட்டை எடுத்தவர் பென்சிகர்,
படத்தின் இயக்குநர்.
நேற்றும் அவர்தான் எடுத்தார்.

டிரெய்லரை நாலு லட்சம் பேர் பார்த்ததாக
போனை நீட்டிக் காட்டினார், கவுண்டர் ஓட்டை வழியே.
நான் கணக்கு நோட்டை மூடிக்கொண்டேன்.

படத்தில் ஒருத்தி அப்பாவின் சாவை லைவ் போடுகிறாள்.
சரியாக அந்த இடத்தில்
மூன்று மடிகளில் வெளிச்சம்.

பாறசாலையில் ஹவுஸ்புல்லாம், வேறு படம்.
இங்கிருந்தே ரெண்டு வேன் போயிருக்கிறது.

ஒரு பையன் மட்டும்
கடைசிப் பெயர் ஓடி மறையும்வரை இமைக்காமல் இருந்தான்.
பென்சிகர் ஓடிப்போய்க் கையைப் பிடித்தார்.
"சார்ஜ் தீந்து போச்சு அண்ணா.
பின் இருக்கா?"

தன் போனை உருவிவிட்டு
அவனுடையதைச் சொருகினார்.
மூணு சதவீதம் ஏறும்வரை
அந்தப் பெண் ஏன் வீட்டுக்குத் திரும்பவில்லை என்று
கேட்டுக்கொண்டே இருந்தான்.
மூணு ஆனதும் போய்விட்டான்.

வசூல்: ஐந்நூறு, என்று எழுதினேன்.
இயக்குநரின் நூறைக் கழிக்கணுமா
என்று யாரிடம் கேட்பது?