நிறுத்து

நான் எழுதிக் கொடுத்தது ஒற்றை வரி:
"லோரியை நிறுத்து உள்ளே அனுப்பும் கருவி."

பஹாவ் பெரிய சாலை, ஆ லியோங் கடையில்
மழைக்கு ஒதுங்கி, கொப்பி ஓ ஆறுவதற்குள்
கைப்பேசியிலேயே தட்டி அனுப்பியது.
பதினோரு வருஷம் செம்பனை ஆலை எடைமேடையில்
கண்ணாடிக்குப் பின்னால் இருந்த கிராணி நான்.
நிறுத்து என்றால் எனக்குத் தராசு.

ஏஜெண்டுக்கு அது பிரேக்.

இரவு ஷிப்டு முழுக்க
ஒவ்வொரு லோரியையும் மேடைமேல் நிறுத்தியது,
பச்சை விளக்குப் போட்டது, உள்ளே அனுப்பியது.
அடுத்ததை நிறுத்தியது. அனுப்பியது.
பதினான்கு லோரிக் குலை எடைபோடாமல் போய்
ராம்பில் ஒன்றன்மேல் ஒன்றாகச் சரிந்து கிடந்தது.
வெளியேறும் கருவியை வேறொரு நாள்
நிதானமாக எழுதியிருந்தேன். அது பிசகவில்லை.
ஆகவே காலையில் என் திரையில்
பதினான்கு வெற்று லோரிகளின் எடை
கிலோ சுத்தமாக இருந்தது.

பதிவேட்டில் மரியாதையாக ஒரு குறிப்பு:
"விவரணையில் 'நிறுத்து' என்பதை எழுத்துப் பிழையாகக் கருதி
'நிறுத்தி' எனத் திருத்தி வாசித்தேன்."

என் தமிழைத் திருத்தியிருக்கிறது!
நிறுத்துக் கொடு என்றால் நடுவில் ஒரு ஒற்று வந்து காப்பாற்றியிருக்கும்;
உள்ளே என்பதற்கு முன்னால் அதற்கும் வழியில்லை.
ஒரு நிமிஷம் கொதித்தேன்.
இலக்கணம் என் பக்கம்.
குலைகள் ராம்பில்.

மானேஜர் இங் சத்தம் போடவில்லை, அதுதான் கஷ்டம்.
ரொம்பின் பக்கம் மூன்று ஏக்கர் வைத்திருக்கும் அஞ்சலைதேவி
மோட்டாரில் வந்து, ஹெல்மெட்டைக் கழற்றாமலே கேட்டார்:
"இதில் என் குலை எது?"
கையை நீட்டினேன். எல்லாம் ஒரே சிவப்பு.

மத்தியானம் திரும்ப உட்கார்ந்தேன்.
'எடைபார்' என்று பெயரை மாற்றினேன்.
பெயர் சின்ன விஷயம் என்று அப்புறம்தான் தெரிந்தது.
தெரியும் என்பதே தெரியாமல்
எவ்வளவை உள்ளே வைத்திருந்திருக்கிறேன்!
எல்லாச் சக்கரமும் மஞ்சள் கோட்டுக்குள் வந்தால்தான் எடை.
மழை பெய்தால் காலி மேடையே நாற்பது கிலோ காட்டும்,
பூஜ்யமாக்கிவிட்டுத் தொடங்கு.
டன் வேண்டாம், கிலோ.
எண் ஆடினால் காத்திரு. அடங்காவிட்டால்
அடங்கவில்லை என்று சொல்,
நீயாக ஒரு எண்ணைப் போடாதே.
எண்ணெய் டாங்கருக்கு இது இல்லை, அதற்கு வேறு கருவி.
எடை பதிவாகாமல் தடுப்பைத் தூக்காதே:
இதைக் கடைசியில் வைத்திருந்தேன்,
யோசித்து முதல் வரிக்கு ஏற்றினேன்.

மலாயில் மாற்றி, காவலுக்கு நிற்கும் தில் பகதூரிடம் காட்டினேன்.
வந்து நாலு மாதம். எடைபோட்டுப் பழக்கமில்லை.
அன்றிரவு லோரிகள் ஒழுங்காக நின்று போனதைப் பார்த்து
சந்தோஷப்பட்டவர் அவர்.
இரண்டு தடவை வாசித்துவிட்டுக் கேட்டார்:
"டிரைவர் உள்ளேயா, இறங்கியா?"

பதினோரு வருஷமாக நான் கண்ணாடியைத் தட்டுவேன்,
ரோஸ்லியும் அவர் தம்பியும் இறங்கிக்கொள்வார்கள்.
தட்டுவதை எப்படி எழுதுவது?
"எடையின்போது வண்டியில் ஆள் இருக்கக் கூடாது.
இருக்கிறார்களா என்று தெரியாவிட்டால், கேள்."

முந்தைய மூன்று நடையின் சராசரிக்குப் பணம் கொடுத்தார்கள்.
அஞ்சலைதேவி இரண்டு முறை எண்ணினார்.
"சரி. அன்றைக்கு உண்மையில் எவ்வளவு இருந்தது?"

அதற்குக் கருவி இல்லை.
விவரணையில் அதையும் சேர்த்திருக்கிறேன்:
பதிவாகாத எடையைக் கேட்டால், இல்லை என்று சொல்லும்.

சனிக்கிழமை பசாரில் வெங்காயம் வாங்கும்போது
பழக்க தோஷம், வாய் தவறி வந்துவிட்டது:
"தம்பி, நிறுத்து..."
அள்ளிக்கொண்டிருந்த பையன்
கையை நிறுத்திவிட்டு என்னைப் பார்க்கிறான்.