இரண்டாவது தாழ்

கெயோனில் மழை நிற்பதில்லை, இளைக்கும்.
இளைத்திருந்த ஒரு காலையில் படகை எடுத்தோம்:
நான், எலியேசர் சிகுவாய்,
காது கேட்காததுபோல் நடிக்கும் நோல்பெர்த்தோ.
சிப்பி காய்த்த கயிறுகளை மேலேற்றி
அறுத்துக் கொட்டும் வேலை.
கையுறைக்குள் எப்போதும் தண்ணீர்.

மூன்று வருடம் முன்பு இதே பலகைமேல்
என் கத்தி என்மீதே மடிந்தது.
தையல் போட்ட பெண் கேட்டாள்:
மலிவுக் கத்தியா?
நல்ல கத்தி, அம்மா. இன்னும் பெட்டியில் இருக்கிறது.
எதுவும் உடையவில்லை.
ஏழு தையல். அன்றிலிருந்து
என் ஆள்காட்டி விரல் யாரைக் காட்டினாலும்
பக்கத்தில் நிற்பவரைக் காட்டுகிறது.

மடக்குக் கத்தியைத் திறக்கும்போது
பிடிக்குள் படுத்திருக்கும் ஒரு மெல்லிய தகடு
நகர்ந்து வந்து
அலகின் குதிகாலில் முட்டி நிற்கும்.
அது முதல் தாழ்.
மூடவேண்டுமா, விரலால் தள்ளு, விலகிவிடும்.
ஆனால் முறுக்கிய கயிற்றில் மணிக்கட்டு திரும்புகையில்
விரல்சதை பிதுங்கும்.
பிதுங்கிய சதையும் தள்ளத்தான் செய்யும்.
தகட்டுக்கு என்ன தெரியும்?
மூடச் சொல்கிறாள் என்று நினைத்திருக்கும்.
கீழ்ப்படிந்துவிட்டது.

பிறகு கம்பெனி புதுக் கத்திகள் கொடுத்தது.
முதுகில், சுண்டுவிரல் நகத்தளவு, ஒரு நெம்பு.
முன்னால் தள்ளினால் டிக் என்கிறது.
பேருந்தில் நீ எழுந்த இடத்தில்
இன்னொருத்தி உட்கார்ந்துவிடுகிறாள் அல்லவா,
அதுபோல
தகடு எழுந்துபோன இடுக்கில்
நெம்பின் முனை போய் உட்கார்ந்துகொள்கிறது.
தகடு திரும்பி வர நினைத்தாலும் இடமில்லை.
அலகைத் தகடு பிடித்திருக்கிறது.
தகட்டை நெம்பு பிடித்திருக்கிறது.
என்னிடமிருந்து.

எலியேசர் அன்றே
சின்ன ஸ்க்ரூடிரைவரால் தன் நெம்பைக் கழற்றி
கடலில் போட்டான்.
"ஒரு கதவுக்கு எத்தனை தாழ்ப்பாள்?
நானென்ன என் கையிலேயே திருடனா?"
நோல்பெர்த்தோவுக்குக் காது கேட்டது, சிரித்தான்.

எலியேசரை ஒன்றும் செய்யவில்லை அவன் கத்தி.
இதை ஒளிக்க மாட்டேன்.
இரண்டு குளிர்காலம், நகம்கூடப் பிசகவில்லை.
திண்டாடியது நான்.
ஜூலையில் விரல்கள் மரத்துப்போய்
நெம்பு பின்னால் வர மறுக்க,
திறந்த கத்தியோடு ஆடும் படகில்
மெழுகுவர்த்தி ஏந்தியவள்போல் நின்றேன்.
மூட முடியாத பாதுகாப்பு.
பல்லால் இழுத்தேன், யாரிடமும் சொல்லாதீர்கள்.

வேலிக்கு ஓணான் சாட்சி.
நடக்காத வெட்டுக்கு யார் சாட்சி?
காப்பாற்றப்பட்ட நாளும்
சும்மா கழிந்த நாளும்
சம்பளச் சீட்டில் ஒன்றுபோலத்தான் இருக்கின்றன.

போன ஞாயிறு, அடுப்படியில்,
உப்பு எடுக்க என் கத்தியைப் பிரித்துப் போட்டேன்.
திருகுகள் ஒரு தட்டில், தகடு துணிமேல்.
நெம்பை வெந்நீரில் கழுவி
விளக்கருகே பிடித்தபோது
அதன் பக்கவாட்டில் ஒரு கோடு.
பளபளவென்று, முடியளவு.
தகட்டின் ஓரம் அழுந்தி உரசிய இடம்.

ஒரு தடவைதான். ஒரே கோடு.

எந்த நாள்?
நுரையடித்த புதன்கிழமைகள் எத்தனையோ.
ஏப்ரலில் பாசி சுற்றிய அந்தத் தடிக் கயிறா?
என் தங்கை கிளாடிசின் அழைப்பு வந்து
பாதி அறுப்பில் திரும்பிப் பார்த்தேனே, அன்றா?
வீடு திரும்பி
உருளைக்கிழங்கு வேகவைத்துத் தின்று
மழையைத் திட்டிவிட்டுத் தூங்கியிருப்பேன்.

திங்களன்று எலியேசரிடம் காட்டினேன்.
கண்ணுக்கு அருகே கொண்டுபோனான்,
தூர வைத்துப் பார்த்தான்,
கட்டைவிரலால் தடவினான்.
"உன் சாவிக்கொத்து கீறியிருக்கும்," என்றான்.

இருக்கலாம்.

கத்தியைத் திறந்தேன். தகடு வந்து நின்றது.
டிக்.
முதல் கயிறு மேலே வந்துகொண்டிருந்தது.