கீழே இறக்கினால் பிழைக்கும்

எல் ஆல்தோவில் தண்ணீர்
சரியாகச் சூடாகும் முன்பே கொதித்துவிடும்.
கிழங்கு ஏமாறாது, வேகாமல் கிடக்கும்.
லேப்டாப் பட்டனை அமுக்கிவிட்டு
அடுப்பை மூட்டுவேன்.
அப்படியும் கிழங்குதான் முந்தும்.

கல்யாண வீடியோ வெட்டி ஒட்டுவது என் பிழைப்பு.
மூன்று நாள் ஆட்டம், இரண்டு பித்தளை வாத்தியக் குழு,
மாப்பிள்ளை சட்டையில் குத்திய நோட்டை
யாரோ எண்ணுகிற இடம்.
அதை மட்டும் எடுத்துவிடச் சொல்வார்கள்.

மாவு டப்பாவில் நாலாயிரத்து இருநூறு பொலிவியானோ.
நல்ல லேப்டாப் ஏழாயிரத்து எண்ணூறு.
"மீதியைத் தவணையில் கட்டு,
பிய்ந்த செருப்புக்குப் புது வார் போடாதே" என்றான்
மச்சான் ஹெர்னான்.
மினிபஸ் தவணைக்கு ஆள் வந்தால்
பின்வாசல் வழியாகப் போகிறவன்.

எலோய் சல்மோன் தெருவில் ஃபௌஸ்தோ டிக்கோனாவின் கடை.
கடை என்றால் மாடிப்படிக்கு அடியில்
ஒரு மேசை, ஒரு பல்பு, அவன் முழங்கால்கள்.
"எஸ்எஸ்டி முந்நூற்று எண்பது.
சட்டென்று எழுந்துகொள்ளும், செனோரா.
ஆனால் ரெண்டர் ஓடுவது மூளையின் வேலை.
இது ஞாபகம் மட்டும்தான்."
விற்கிறவனே இப்படிப் பேசினால்
வாங்குகிறவள் யாரோடு பேரம் பேசுவது?

பழைய டிஸ்கைக் காதருகே வைத்துக் கேட்டான்.
டிக், டிக், ஒரு இழுப்பு.
"உள்ளே ஒரு முள் இருக்கிறது.
தட்டைத் தொடாமல் காற்றில் மிதந்துதான் படிக்கும்.
மூவாயிரம் மீட்டருக்கு மேல் கொண்டுபோகாதே என்று
செய்தவன் எழுதியே வைத்திருக்கிறான்.
நாம் குடியிருப்பது நாலாயிரத்தில்."

விமானம் விட்டு இறங்கி
நாலு எட்டு வைத்ததும் படியில் உட்கார்ந்துவிடும்
வெளியூர்க்காரர்களை நினைத்துக்கொண்டேன்.
உதடு நீலம், தலை பம்பரம்.
சொரோச்சே என்போம், மலை மூச்சைப் பிடுங்குவதை.
இது ஐந்து வருஷம் உட்காராமல் ஓடியிருக்கிறது.

"எஸ்எஸ்டிக்கு?"
"அதற்கு மூச்சே கிடையாது."
நிம்மதியாக இருந்தது.
கொஞ்சம் கழித்து
ஒரு மாதிரியாகவும் இருந்தது.

எல்லாம் புதியதற்கு மாறிவிட்டது,
கல்யிசாயா வீட்டுக் கல்யாணத்தில் பதினோரு நிமிஷம் தவிர.
மொய் அறிவித்த பதினோரு நிமிஷம்:
யார் எத்தனை பெட்டி பீர் இறக்கினார்கள்,
யார் வீட்டு விசேஷத்தில் யார் திருப்ப வேண்டும்.
எழுதி வைத்த நோட்டில்
அதே பீரை யாரோ கொட்டிவிட்டார்கள்.
இரண்டு மாதமாக மூன்று குடும்பங்கள்
முகம் பார்த்துப் பேசுவதில்லை.

"கீழே இறக்கிப் பாருங்கள்" என்றான் ஃபௌஸ்தோ,
நோயாளியைப் பற்றி டாக்டர் சொல்வதுபோல்.

கம்பளித் தொப்பிக்குள் சுருட்டி மடியில் வைத்துக்கொண்டேன்.
கொரோய்கோ போகும் பஸ் இறங்குவதற்கு முன்பு ஏறும்,
லா கும்ப்ரே கணவாய் வரை, பனித்தூறலுக்குள்.
அங்கே தொப்பியை ஒருமுறை தொட்டுப் பார்த்தேன்.
எதற்கென்று தெரியவில்லை, அது அணைந்துதான் இருந்தது.
பிறகு மூடுபனி, வளைவு, வளைவு,
காது அடைத்துத் திறந்தது,
ஜன்னலில் வாழையிலை உரசியது.

விடுதி அறை, ஆடும் மேசை.
ஒயரைச் செருகினேன்.
டிக். டிக்.
டிக் வரவேண்டிய இடத்தில் வரவில்லை.
பூனை வயிற்றிலிருந்து வருவதுபோல் ஒரு உறுமல்.
இரண்டு சதவீதம். இரண்டு. இரண்டு.
பத்தொன்பது.

அறிவிக்கிறவர் குரல் மைக்கில் கீச்சிட்டது:
பென்ஹமின் கல்யிசாயா, பன்னிரண்டு பெட்டி.
தோன்யா செவெரீனா, எட்டு.
இருபது இறக்கினேன் என்று
ஊர் முழுக்கச் சொன்ன ஹெர்னான், ஆறு.
பின்னோட்டி இன்னொரு தரம் கேட்டேன்.
ஆறுதான்.

லேப்டாப் இப்போது பதினோரு நொடியில் விழித்துக்கொள்கிறது.
கிழங்கு இன்னும் கல்லாகவே கிடக்கிறது.
ரெண்டர் விடிய விடியத்தான் ஓடுகிறது, ஃபௌஸ்தோ சொன்னபடி.
டப்பாவில் பாக்கிப் பணம்,
மூடியை இறுக்கவில்லை.

அன்று திரும்பி மலை ஏறியபோது
தொப்பிக்குள் அது வெகுநேரம் சூடாக இருந்தது.