எந்தப் பக்கம் சாய்வான்

கீழக்கரையிலிருந்து இரண்டு பஸ் மாறி
தங்கச்சிமடம் வந்திருந்தாள் ஜெய்னம்பு.
'ராம்நாடு முகாமுல
ஒனக்குப் பின்னாலதான் நின்னேன்.
எம்பது சதவீதம்னு எழுதுன அட்டையத்
திருப்பிப் பாத்தியே,
மிச்சம் இருபது அந்தப் பக்கம் இருக்குமோன்னு.
நானும் பாத்தவதான்.'

ஏர்வாடி போனாயா, வேளாங்கண்ணிக்கு நேர்ந்தாயா
எதுவும் கேட்கவில்லை.
'எந்தப் பக்கம் சாய்வான்?'
இடது, என்றேன்.
ஆறு வருடமாக என் நாக்கிலேயே
கிடந்திருக்கிறது அந்தச் சொல்.

சைக்கிள் டியூப் சுற்றிய கரண்டி ஒன்றைப்
பையிலிருந்து எடுத்தாள். மகளுடையது.
'அவளுக்கு?'
'இன்னும் மூணு இருக்கு.
ஒண்ணு வீசி எறியிறதுக்குன்னே.'
எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பயந்துபோய்
ஜெரோனைப் பார்த்தேன்.
அவன் கரண்டியை இறுக்கிப் பிடித்திருந்தான்,
கஞ்சி பாதி அவள் துப்பட்டியில்.

பாம்பனில் மூன்றாம் எண் கூண்டு ஏற்றிய வியாழன்
பஸ் ஓடவில்லை. போன் அடித்தாள்.
இரண்டு பக்கமும் வாடை தகரத்தைப் பிய்த்தது,
இரண்டு பிள்ளைகளும் கத்தினார்கள்,
ஒரு வார்த்தை விளங்கவில்லை.
சார்ஜ் தீரும்வரை
வைக்கவில்லை நாங்கள்.